வாடும் செடிக்குத் தண்ணீர் ஊற்றாதே

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தில் உன் எச்சிவேரியா என்னும் சதைப்பற்றுச் செடியின் (தடித்த இலைகளில் நீரைச் சேமிக்கும் செடி) அடி இலைகள் மஞ்சளாகி, ஊடுருவிப் பார்க்கும் அளவுக்கு நீர் கோத்திருப்பதைக் கண்டேன். மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டு நிற்பதாக நீ எழுதியிருப்பதால், அது தாகத்தால் வாடவில்லை, வேரழுகலால்தான் வாடுகிறது என்று உறுதியாகச் சொல்வேன். இனி ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாதே.

மண்ணின் இடைவெளிகளெல்லாம் நீரால் அடைபட்டால் வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. மூச்சு முட்டிய வேர் நலிந்ததும் பித்தியம், பியூசேரியம் போன்ற நுண்ணுயிரிகள் அதைப் பற்றிக்கொண்டு தண்டுவரை ஏறிவிடுகின்றன. வேர் செத்தபின் சுற்றிலும் எவ்வளவு ஈரம் இருந்தாலும் செடியால் அதை உறிஞ்ச முடியாது. அந்த வாட்டத்தைத் தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றுவதாலேயே பிழைத்திருக்க வேண்டிய செடிகள் பல வீணாகின்றன.

இன்றே செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, பழைய மண்ணை முழுவதும் உதிர்த்துவிடு. நல்ல வேர் தொட்டுப் பார்த்தால் உறுதியாக இருக்கும். அழுகிய வேரோ கறுத்துக் குழைந்து, லேசாக இழுத்தாலே மேல்தோல் உறைபோலக் கழன்றுவர, நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் எஞ்சும். 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்த கத்தியால் அழுகியதை எல்லாம் நீக்கி, ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியை மறுபடியும் துடைத்துக்கொள். தண்டின் வெட்டுமுகத்தில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் நிறுத்தாமல் இன்னும் சற்று மேலே வெட்டு. இந்த இடத்தில் இரக்கம் காட்டினால் செடி பிழைக்காது. வேர் ஒன்றுகூட மிஞ்சாவிட்டாலும் கவலைப்படாதே, நலமான தலைப்பகுதி புதிதாக வேர்விடும்.

வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை, சில நாட்கள், காற்றோட்டமான நிழலில் வை. பிறகு பாதிக்கு மேல் பெர்லைட் (லேசான வெண்ணிறத் துகள்), பியூமிஸ் (நுரைக்கல்) அல்லது பருமணல் சேர்ந்த மண்கலவையில், அடியில் துளையுள்ள சிறிய மண்தொட்டியில் நட்டு, ஒரு வாரம் கழித்தே முதல் தண்ணீர் ஊற்று. தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல, அதனால் ஈரம் தேங்கும் அடுக்கு வேருக்கு இன்னும் அருகில்தான் வரும்.

இவ்வகைச் செடிகள் பெரும்பாலும் இரவில்தான் நீராவி வெளியேறும் இலைத்துளைகளைத் திறக்கும் என்பதால் நீரை மிக மெதுவாகவே செலவழிக்கின்றன. ஆகவே நாள் கணக்குப் பார்த்து ஊற்றாமல், மரக்குச்சியை அடிவரை செருகி, அது உலர்ந்து வந்தால் மட்டும் தாராளமாக ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடு.

வெட்டியதும் தண்டின் வெட்டுமுகத்தை அருகில் படமெடுத்து அனுப்பு; இன்னும் வெட்ட வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா