அதிபர் மட்டுமல்ல, ஹார்மனி வாத்தியார்

ஆசிரியருக்கு வணக்கம்.

கலை தெரிந்த அரசியல்வாதிகளைப் பற்றிய ஞாயிறு கட்டுரையில், குரோஷியாவின் முன்னாள் அதிபர் இவோ யோசிபோவிச் 'பொழுதுபோக்காக இசையமைத்தவர்' என்று ஒரே வரியில் முடிந்துவிட்டார். இது சரியல்ல. குரோஷியத் தலைநகர் ஸாக்ரெபின் இசை அகாதமியில் இசையமைப்பாளர் ஸ்டாங்கோ ஹோர்வாட்டிடம் பயின்று 1983இல் இசையமைப்பில் பட்டம் பெற்றவர் அவர். சட்டப் பட்டம் தனி. 1985இல் 'சம்பா தா கமெரா' படைப்புக்காக ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் பரிசு. 1987 முதல் 2004 வரை அதே அகாதமியில் ஹார்மனி, அதாவது பல சுரங்களை ஒரே நேரத்தில் இசைவாகச் சேர்க்கும் கலை, கற்பித்தார்.

ஹார்மனி வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். ஒரே நேரத்தில் ஒலிக்கும் நான்கு குரல்களுக்கான சுரங்களைத் தாளில் எழுதி நீட்ட வேண்டும். இரண்டு குரல்கள் பஞ்சம இடைவெளி (ச-ப தூரம்) மாறாமல் ஒரே திசையில் நகர்ந்துவிட்டால் வாத்தியார் சிவப்பு மையில் கோடு இழுத்துவிடுவார். வாரம் முழுக்க இதையே திருத்துவது பொழுதுபோக்கா? (என் தாளில் சுரங்களை விடச் சிவப்புக் கோடுகள்தான் அதிகம், அது வேறு கதை.)

1961இல் இசையமைப்பாளர் மில்கோ கெலமென் முயற்சியில் தொடங்கிய, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஸாக்ரெப் இசை பியெனாலே விழாவையும் யோசிபோவிச் பல ஆண்டுகள் இயக்கினார். புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியே வந்துபோன விழா அது. இன்னொரு பக்கம், சட்டக் கல்லூரியில் குற்றவியல் நடைமுறைச் சட்டப் பேராசிரியர். இசையமைப்பாளர்களின் உரிமைத்தொகைக்காக உழைத்தவர்.

2010 முதல் 2015 வரை அதிபர். பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் கொலையை வைத்து ஆபரா (இசை நாடகம்) எழுதப்போவதாகப் பதவிக்காலத்திலேயே சொல்லியிருந்தார். பதவி முடிந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் அது ஸாக்ரெபில் மேடையேறியது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி