57-க்கு இறங்காதே, கண்ணு

அன்பு மகளுக்கு,

குத்துச்சண்டையில் 60 கிலோ எடைப் பிரிவிலிருந்து 57-க்கு இறங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். 26 ஆகிவிட்டது, உச்சம் கடந்துபோவதற்குள் ஒரு பதக்கம் பார்த்துவிட வேண்டும் என்கிறாய். இறங்காதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உச்சம் எல்லோருக்கும் ஒரே வயதில் வருவதில்லை கண்ணு. வேகமும் பாய்ச்சலும், களைப்பிலிருந்து சட்டென்று மீளும் தெம்பும் இருபதுகளின் நடுவில் மேலே நிற்கும், முப்பதைத் தாண்டினால் மெல்ல இறங்கும். எதிராளியின் தோள் அசைவிலேயே வரப்போகும் குத்தைப் படிப்பது, தூரத்தைக் கணிப்பது, மூச்சைச் சேமிப்பது எல்லாம் ரவுண்டு ரவுண்டாகச் சேர்பவை. உடம்பு இறங்குவதற்குள் இந்த அறிவு ஏறி நிற்கிற சில வருடங்கள்தான் உச்சம். பெரும்பாலோருக்கு 25-க்கும் 32-க்கும் நடுவே அமையும். வேகத்தை நம்பும் சின்ன எடைக்காரர்களுக்குக் கொஞ்சம் முன்னால் வரும். பெரிய எடையில் தள்ளி வரும், ஏனென்றால் கால் முதலில் போகும், குத்தின் கனம் கடைசியில்தான் போகும். 1994-ல் ஜார்ஜ் ஃபோர்மன் 45 வயதில் மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் சாய்த்து ஹெவிவெயிட் என்கிற மிகக் கனமான பிரிவின் உலகப் பட்டத்தை மீட்டது அந்தக் கனத்தால்தான்.

தாய்லாந்தில் முவே தாய் என்கிற, உதையும் சேர்ந்த குத்துச்சண்டை ஆடும் பிள்ளைகள் ஏழெட்டு வயதிலேயே மேடையேறுகிறார்கள். அதனால் இருபதை ஒட்டியே உச்சம் வந்து, 25-க்குள் பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். பிறந்த தேதியைவிட வாங்கிய அடிதான் கணக்கு. நீ 17 வயதில்தான் கையுறை மாட்டினாய். மேரி கோம் 2018-ல் டெல்லியில் ஆறாவது உலகத் தங்கத்தை வென்றபோது வயது 35-ஐத் தொட்டிருந்தது, மூன்று பிள்ளைகளுக்குத் தாய். உனக்கு நேரமில்லை என்று யார் சொன்னது?

அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரர்கள் ராய் ஜோன்ஸும் பெர்னார்ட் ஹாப்கின்ஸும் 1993-ல் மோதியபோது ஜோன்ஸுக்கு 24, ஹாப்கின்ஸுக்கு 28. ஜோன்ஸ்தான் வென்றார். கையைத் தொங்கவிட்டு, முகத்தை நீட்டி, குத்து வந்த பிறகு விலகும் ஆட்டம் அவருடையது. அந்த வேகம் இருந்தவரை எதுவும் அவர் மேல் சரியாக விழவில்லை. 2003 மார்ச்சில் எடை ஏற்றி ஹெவிவெயிட் பட்டம் வென்றார். அதே வருடம் நவம்பரில் சுமார் 8 கிலோ இறங்கி அன்டோனியோ டார்வர் என்பவருடன் ஆடி, தட்டுத்தடுமாறி ஜெயித்தார். அடுத்த மே மாதம் அதே டார்வரின் இடது கை இரண்டாவது ரவுண்டிலேயே முடித்துவிட்டது. வயது 35. ஹாப்கின்ஸோ முகத்தைக் காக்கும் கைகளை இறக்காதவர், போட்டி இல்லாத நாளிலும் போட்டி எடைக்குப் பக்கத்திலேயே இருந்தவர். 2010-ல் 45 வயதில் ஜோன்ஸை வென்றார், 2011-ல் 46 வயதில் ழான் பாஸ்கலை வென்று மறுபடியும் உலகப் பட்டம் எடுத்தார்.

இப்போது உன் 3 கிலோவைப் பார். தொழில்முறைக்காரர்கள் முந்தின நாளே எடை கொடுத்துவிட்டு, இரவெல்லாம் தண்ணீரும் சோறும் ஏற்றிக்கொள்கிறார்கள். உங்கள் அமெச்சூர் போட்டியிலோ ஆடும் நாள் காலையிலேயே எடை, சில மணி நேரத்தில் ரிங். ஃபைனல் வரை போனால் அந்த வாரம் முழுக்க ஆடுகிற ஒவ்வொரு நாளும் அதே கதை. போர்வை போர்த்தி வியர்த்து இறக்கிய தண்ணீர் அதற்குள் திரும்பாது. முதல் ரவுண்டில் அது தெரியாது. மூன்றாவதில் கால் கனக்கும், கண் பார்த்ததைக் கை செய்யாது. வறண்ட உடம்போடு தலையில் வாங்கும் அடி இன்னும் மோசம். தலையில் மாட்டும் ஹெட்கார்டு புருவம் கிழியாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.

அதற்குப் பதிலாக இதைச் செய். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் நாடித்துடிப்பை எண்ணி, எடையோடு நோட்டில் எழுது. துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு அதிகமாக இருந்தால் அன்றைக்கு ஸ்பாரிங், அதாவது ஆளோடு ஆள் மோதும் பயிற்சி, வேண்டாம். கோச் பிடிக்கும் பேடில் குத்துவதும், காற்றில் போடும் நிழல் குத்தும் போதும். முழு வேக ஸ்பாரிங் வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு நான்கைந்து ரவுண்டுக்கு மேல் போகாதே. மற்ற நாளில் தலையைத் தொடாமல் உடம்புக்கு மட்டும். தலைக்கு நேராக வாங்கிய குத்துகளையும் நோட்டில் குறி. அந்த எண் மாதா மாதம் ஏறினால் உன் கோச்சிடம் காட்டு. தலைவலியோ குமட்டலோ வந்தால் அன்றோடு நிறுத்து, டாக்டர் சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது.

நீ அனுப்பிய வீடியோவில் ஒன்று பார்த்தேன். முன் கையால் நேராகப் போடும் ஜாப் குத்தைப் போட்டுவிட்டு இடது கை கன்னத்துக்குத் திரும்பாமல் மார்பு வரை இறங்கி, அங்கிருந்து வளைந்து மேலே வருகிறது. இப்போது தலையை இழுத்துத் தப்பிக்கிறாய். முப்பதில் அதே இடைவெளியில் எதிராளியின் வலது கை வந்து உட்காரும். கண்ணாடி முன் தினமும் மூன்று ரவுண்டு ஜாப் மட்டும் போடு. போன வழியிலேயே கை திரும்பி, கட்டை விரல் கன்ன எலும்பைத் தொட்ட பிறகுதான் அடுத்தது. ஒரு மாதம் விடாமல் செய்தால் சரியாகும்.

பெயர்ப் பட்டியல் போவதற்கு முன் எந்த எடை என்று கோச்சிடம் பேசிவிட்டு எனக்கு ஒரு போன் போடு.

அப்பா