இந்த மண்ணின் மரமும் தலமரமாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரிசியஸ் காடுகளின் வரலாறு குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஊன்றிப் படித்தேன். 1638-இல் குடியேறிய ஒல்லாந்தர் கருங்காலியை வெட்டிக் கப்பலேற்றியதையும், ஒவ்வொரு நிலத்திலும் கால் பங்கைக் காடாகவே விட்டுவைக்க வேண்டும் என்று 1769-இல் பிரெஞ்சு நிர்வாகி பியேர் புவாவ்ர் விதித்ததையும் கட்டுரையாளர் தெளிவாக எடுத்துரைத்திருந்தார். ஆயினும், காட்டோடு இத்தீவின் மக்களுக்கு இருந்த உறவைப் பற்றி, குறிப்பாகத் தமிழராகிய நமக்கு அதில் உள்ள பங்கைப் பற்றி, அதில் ஒரு வரியும் இல்லை.

அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க, மடகாஸ்கர் மக்களுக்கு மலைக்காடுதான் புகலிடமாக இருந்தது. தப்பியோடியவர்கள் மறைந்து வாழ்ந்த லெ மோர்ன் மலையை 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்ததும் அதனால்தான். பின்னர், 1834 முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து இறங்கிய நம் முன்னோருக்குக் கிடைத்ததோ காட்டின் நிழலன்று, அதை அழிக்கும் வேலை. கரும்புத் தோட்டங்களின் நடுவே இன்றும் கரிய கற்குவியல்கள் மலைபோல் நிற்கின்றன அல்லவா? நிலத்தைத் திருத்தும்போது அடிமைகளும் அவர்களுக்குப் பின் கூலிகளும் வெறுங்கையால் பொறுக்கி அடுக்கிய கற்கள் அவை. அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. அவர்களைக் குறைகூற யாருக்கும் தகுதியும் இல்லை. ஆனால், செழிப்புக் குன்றாத இயற்கைக் காடு இத்தீவின் பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும் இன்று, வேண்டும் என்று சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது.

கத்ர் போர்ன் நகருக்கு மேலே எழும் கோர் தெ கார்த் மலையை எடுத்துக்கொள்வோம். அதன் சாரலில் முருகன் கோயில் கொண்டிருக்கிறான். தைப்பூசத்தன்று பூவும் ஓலையும் சூடிய காவடிகளைச் சுமந்து மக்கள் ஏறிச் செல்லும் அதே மலையின் மேற்பகுதி பாதுகாக்கப்பட்ட இயற்கைக் காப்பகமாகும். அங்கே மாந்த்ரினேத் என்றொரு செடி உண்டு. செம்பருத்தி இனத்தைச் சேர்ந்த அது, சிவந்த பூக்கள் பூக்கும். உலகில் அது இயற்கையாக வளரும் இடங்கள் இரண்டே இரண்டு: ஒன்று இந்த முருகன் மலை, மற்றொன்று லெ மோர்ன். காட்டில் எஞ்சியிருப்பவை மிகச் சில செடிகளே. செவ்வண்ணப் பூக்களை முருகனுக்கு உகந்தவை என்று தேடித் தேடிச் சாத்தும் நாம், அவன் மலையிலேயே பூத்து அழிந்துகொண்டிருக்கும் இந்தப் பூவின் பெயரைக்கூட நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை. எனக்கு இது பெரிய வேதனையாகவே இருக்கிறது.

என் வேண்டுகோள் இதுதான். நம் கோயில் வளாகங்களில் இம்மண்ணுக்கே உரிய ஒரு மரத்தையும் தலமரமாக நட வேண்டும். வேம்பும் அரசும் இருக்கட்டும். முன்னோர் நினைவாக அவற்றைப் போற்றுவோம். ஆனால் தலமரம் என்ற வழக்கமே அந்தந்த இடத்துக் காட்டிலிருந்து பிறந்தது என்பதை நினைவுகூர வேண்டும். சிதம்பரத்துக்குத் தில்லையை எவரும் வேறு நாட்டிலிருந்து கொண்டுவரவில்லை. அது பிச்சாவரம் வரை பரந்த உப்பங்கழிக் காட்டின் மரம். மதுரையும் கடம்பவனமாக இருந்த ஊரே. ஆகமத்தில் இதற்கு இடமுண்டா என்று கேட்கக்கூடிய பெரியவர்களுக்கு இவற்றையே பணிவுடன் விடையாக வைக்கிறேன். கடம்பு மதுரைக்கு எப்படியோ, இத்தீவுக்குக் கருங்காலி அப்படி.

நாட்டுக் கருங்காலி மிக மெதுவாக வளரும் மரம். நட்டவர் அதன் நிழலில் அமரப்போவதில்லை. என்றாலும் அதை மீட்டெடுக்க முடியும் என்பதற்கு மாஹேபூர் கடலோரத்தில் உள்ள ஈல் ஓ எக்ரெத் என்னும் சிறு தீவே சான்று. அங்கே வேற்றுச் செடிகளைக் களைந்து கருங்காலிக் காட்டைப் பேணுகிறார்கள். அழிந்துபோன உள்நாட்டுப் பேராமைகளுக்குப் பதிலாக சேஷெல்ஸின் அல்டாப்ரா தீவுக்குரிய பேராமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அவை பழத்தைத் தின்று கழிக்கும் விதைகள் நன்றாக முளைக்கின்றன.

ஆனால் நட்டால் மட்டும் போதாது. குளிர்காலத்தில் பிளேன் ஷாம்பாஞ் என்னும் மேட்டுநிலத்தில் நாம் குடும்பத்தோடு பறித்து உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்னும் சின்னஞ்சிறு சிவப்புக் கொய்யா பிரேசிலிலிருந்து வந்தது. அது அடர்ந்து படரும் இடத்தில் நாட்டு மரங்களின் கன்றுகள் தலையெடுப்பதில்லை. குரங்குகள் அதன் விதையை மேலும் பரப்புகின்றன. பழத்தின் சுவையை நான் மறுக்கவில்லை. எனினும், மலைக்கோயில்களைச் சுற்றியுள்ள சாரல்களில் வனத்துறையின் அனுமதியோடும் வழிகாட்டுதலோடும் இந்தப் புதர்களை வேரோடு களைவதைக் காவடி விரதக் காலத்தின் உழவாரப் பணியாக நம் இளைஞர்கள் ஏற்கலாம். அப்பர் பெருமான் கையில் ஏந்திய உழவாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இத்தீவில் வேறில்லை என்பேன்.

தங்கள் இதழ் இதற்கு உதவ முடியும். இதழ்தோறும் ஒரு நாட்டு மரத்தையோ செடியையோ படத்துடன், மக்கள் வழங்கும் கிரியோல் பெயரோடு தமிழில் அறிமுகப்படுத்துங்கள். வரும் தைப்பூசத்துக்கு முன்பாகக் கோயில் நிர்வாகக் குழுக்கள் இதுபற்றிக் கலந்து பேச வாய்ப்பாக, இம்மடலையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
கத்ர் போர்ன், மொரிசியஸ்