தறியை நிறுத்திப் பாட்டுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கமுங்க.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சோமனூர்ப் பக்கம் ஒரு தறி குடோனில் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் பழைய கச்சேரிப் பதிவுகளை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டோமே, அது அவ்வளவு நன்றாக அமையக் காரணமானவர்களை வாசலில் நின்று கைகூப்பி அனுப்பியதோடு விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. யார் என்ன செய்தார்கள் என்பது வந்திருந்த பலருக்கே தெரியாது. அதனால் பொதுவில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதன்முறையாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. 1965-ல் அமெரிக்காவில், கலிபோர்னியாவில் தொடங்கிய ராக் இசைக்குழு இது. 30 வருஷத்தில் ஏறக்குறைய 2,300 கச்சேரிகள் செய்தார்கள், இன்றைக்கு என்ன பாட்டு, எந்தப் பாட்டிலிருந்து எந்தப் பாட்டுக்குள் போவது, எவ்வளவு நேரம் வாசிப்பது என்பதெல்லாம் மேடையிலேயே முடிவாகும், நேற்று வாசித்ததை இன்று அப்படியே வாசிக்க மாட்டார்கள். ஸ்டுடியோவில் போட்ட ரெக்கார்டுகளை மட்டும் கேட்டவர்கள் "இதுல என்ன இருக்கு" என்று கேட்பதில் தப்பே இல்லை, ஏனென்றால் அந்தக் குழுவின் உயிர் அங்கே இல்லை. 1995 ஜூலை 9-ல் சிகாகோவில் கடைசிக் கச்சேரி, சரியாக ஒரு மாதம் கழித்து ஆகஸ்ட் 9-ல் குழுவின் கிட்டார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா போய்விட்டார். அதற்கப்புறம் அந்த இரவுகள் எங்கே இருக்கின்றன என்றால் டேப்பில்தான் இருக்கின்றன. யாரோ பதிவு செய்தார்கள், யாரோ பத்திரமாக வைத்தார்கள், அதனால்தான் குழு தொடங்கி 60 வருஷம் ஆன பிறகு கொங்கு நாட்டில் உட்கார்ந்து நாம் கேட்க முடிந்தது.

என் முதல் நன்றி குடோனுக்கு இரண்டு பக்கமும் தறி ஓட்டுகிற குடும்பங்களுக்கு. முதலில் பேசி வைத்திருந்த மண்டபம் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட, குடோன்கார அண்ணன்தான் "நம்ம எடம் சும்மாதான் கெடக்குது, வந்து பாருங்க" என்றார். இடம் சரி, ஆனால் பக்கத்துத் தறிச் சத்தத்தில் பேசுவதே காதில் விழாது. தறி நின்றால் கூலி நின்றது என்று அர்த்தம். ஓடிய மீட்டருக்குத்தான் காசு, நின்ற நேரத்துக்கு யாரும் தர மாட்டார்கள். இதெல்லாம் தெரிந்துதான் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டோம். அந்த வீட்டுப் பெரியம்மா சொன்ன பதில் இது: "ஒரு பொழுது தறி நின்னா ஒண்ணும் குடி முழுகிப் போயிராது கண்ணு, நீங்க கேளுங்க." ஈடாகக் கொஞ்சம் பணம் கொடுக்கப் போனதற்குக் கோபித்துக்கொண்டார்கள். அத்தனை தறியும் நின்றது. பெரியம்மாவும் அவர் மருமகளும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த அமைதி அவர்கள் கொடுத்தது, இதை யாரும் மறந்துவிடக் கூடாது.

அடுத்தது டீச்சரம்மாவுக்கு. அன்று கேட்டதில் பெரும்பகுதி அவருடைய வீட்டுக்காரர் 80-களில் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது சேர்த்த கேசட்டுகள். அவர் காலமான பிறகும் அம்மா அவற்றைப் பீரோவின் கீழ்த்தட்டில் அந்துருண்டை போட்டு அப்படியே வைத்திருந்தார். மேக்ஸெல் எக்ஸெல் டூ 90 நிமிடக் கேசட்டுகள், ஒவ்வொன்றின் அட்டையிலும் பொடிப்பொடியான நீல மசி எழுத்தில் தேதி, ஊர், அரங்கம், பாட்டு வரிசை, பாட்டு நிற்காமல் அடுத்ததற்குள் போகிற இடங்களில் சின்ன அம்புக்குறி, ஓரத்தில் இது மூலத்திலிருந்து எத்தனையாவது பிரதி என்கிற எண். அந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம், காரணம் கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் போகப் போக இரைச்சல் ஏறிக்கொண்டே வரும்.

இந்தக் கேசட்டுகள் கடையில் விற்றவை இல்லை. கச்சேரிக்கு வந்த ரசிகர்களே மைக் நட்டுப் பதிவு செய்தவை. ஆரம்பத்தில் ஒளித்து வைத்துத்தான் செய்தார்கள். மற்ற குழுக்கள் இப்படிப்பட்டவர்களைப் பிடித்து வெளியே தள்ளிய காலத்தில், இவர்கள் 1984-ல் ஒலிக் கட்டுப்பாட்டு மேசைக்குப் பின்னால் பதிவு செய்கிறவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கி, தனி டிக்கெட்டும் போட்டார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு, விற்கக் கூடாது. காப்பி வேண்டுமென்றால் வெற்றுக் கேசட்டும் தபால் தலையும் அனுப்பினால் போதும், பதிவு வீடு தேடி வரும். நம் ஊரில் அதே காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, டிடிகே கேசட்டா மெல்ட்ராக் கேசட்டா என்று பார்த்துக் காசு கட்டிவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். டீச்சரம்மா பெட்டியைக் கொடுக்கும்போது சொன்னார்: "யார் கேட்டாலும் காப்பி போட்டுக் குடுப்பாருங்க, காசு மட்டும் வாங்க மாட்டாரு. நீங்களும் அப்படியே செய்யுங்க." அம்மா, அப்படியே செய்கிறோம்.

கொண்டு வந்த கேசட் எல்லாம் உடனே பாடிவிடவில்லை. அந்த இடத்தில்தான் காந்திபுரத்து ரேடியோ மெக்கானிக் ஐயா வந்தார். தொழிலை விட்டு ரொம்ப வருஷம் ஆகிறது, கண்ணும் முன்போல இல்லை, ஆனால் அந்தக் கைகளைப் பார்க்க வேண்டுமே! கேசட்டின் உள்ளே டேப்பை, அதைப் படிக்கிற ஹெட்டோடு ஒட்டி அழுத்துகிற சின்னத் துணிப் பஞ்சு ஒன்று இருக்கிறது, மெல்லிய தகட்டு ஸ்பிரிங்கின் மேல் ஒட்டியிருக்கும். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். பாதிக் கேசட்டுகளில் அது விழுந்திருந்தது. பழைய சினிமாப் பாட்டுக் கேசட்டுகளைப் பிரித்து அதிலிருந்த பஞ்சுகளை எடுத்து இதில் பொருத்தினார். பூஞ்சை பிடித்திருந்த டேப்பை வேறு கூட்டுக்கு மாற்றி, மெல்லிய துணியில் கையாலேயே ஓட்டித் துடைத்தார். அப்புறம் டெக்கில் போட்டு, ஹெட்டுக்குப் பக்கத்தில் அதன் கோணத்தை மாற்றுகிற குட்டி ஸ்க்ரூவைக் கால் திருகுக்கும் குறைவாகத் திருப்பிக்கொண்டே காதைச் சாய்த்துக் கேட்டார். மங்கலாக இருந்த சிம்பல் ஓசை ஓர் இடத்தில் பளிச்சென்று திறந்தது. "இப்பத்தான் அவன் பதிஞ்ச கோணத்துக்கு வந்திருக்குது" என்றார். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் தனித்தனியாகச் செய்தார் ஐயா. அருகே உட்கார்ந்து அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, அட்டையில் இருந்த ஓர் எழுத்தும் விடாமல் தட்டச்சு செய்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி. பரீட்சை நேரத்தில் வந்து செய்தார்கள்.

சவுண்ட் சர்வீஸ் அண்ணனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிமெண்ட் சீட் கூரை, நாலு பக்கமும் வெறும் சுவர், கைதட்டினால் மூன்று முறை திருப்பிச் சொல்கிற இடம். "இதுல என்ன போட்டாலும் கொழகொழன்னுதானுங்க கேக்கும்" என்று முதலில் உதட்டைப் பிதுக்கியவர், குடோன் மூலையில் கிடந்த காடாத் துணியைப் பார்த்ததும் மாறிவிட்டார். குடோன்கார அண்ணனிடம் கேட்டு, சுவர் முழுக்க மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டு, பின் மூலைகளில் கழிவுப் பஞ்சு மூட்டைகளை அடுக்கி, மறுபடியும் கைதட்டிப் பார்த்தார். எதிரொலி போயே போய்விட்டது.

அவரை முழுசாக இழுத்துப் போட்டது 1974-ல் இந்தக் குழு கட்டிய ஸ்பீக்கர் சுவரின் கதை. குழுவின் ஒலி வேலையைப் பார்த்த அவுஸ்லி ஸ்டான்லியும் அவர் கூட்டாளிகளும் 600-க்கு மேற்பட்ட ஸ்பீக்கர்களை வாசிப்பவர்களின் முதுகுக்குப் பின்னாலேயே மாடி உயரத்துக்கு அடுக்கினார்கள், சபைக்குக் கேட்பதுதான் மேடையில் இருப்பவர்களுக்கும் கேட்கும். "பின்னால ஸ்பீக்கர் வெச்சா மைக் கூவுமே?" என்றார் உடனே, தொழில்காரர் அல்லவா. அதற்கு அவர்கள் செய்த வழி, பாடுகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு மைக்கை நெருக்கமாக வைத்து ஒன்றுக்கொன்று எதிர்முனையாக இணைத்தது. பாடுவது ஒன்றில் மட்டும். பின்னாலிருந்து வருகிற சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி விழுவதால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும், குரல் மட்டும் நிற்கும். அண்ணன் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அடுத்த நாள் இரண்டு மைக்கோடு வந்து செய்தே காட்டிவிட்டார்! வாடகை என்று அவர் வாங்கியது வண்டிக்கு டீசல் காசு மட்டும்.

அன்று கேட்டவற்றில் எல்லோரும் அதிகம் பேசியது 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால் கச்சேரி. இது டீச்சரம்மாவின் கேசட் இல்லை, காசு கொடுத்து வாங்கிய தட்டு. மே மாதத்திலும் அன்று அங்கே பனி பெய்ததாம். ஸ்கார்லட் பிகோனியாஸ் என்ற பாட்டில் தொடங்கி ஃபயர் ஆன் தி மவுண்டன் என்ற பாட்டுக்குள் இறங்குகிற அந்த 25 நிமிடத்துக்கும் மேலான நேரத்தில், எந்த நொடியில் பாட்டு மாறியது என்று கண்டுபிடிக்கப் பார்த்துத் தோற்றவர்கள் அன்று நிறையப் பேர். ஃபில் லெஷ்ஷின் பேஸ் கிட்டார் துணி தொங்கிய சுவரில் பட்டுத் திரும்பாமல் நேராக நெஞ்சில் வந்து விழுந்தது. நடுவில் முன்னால் நெருக்கியடித்து நிற்பவர்களுக்காக, எல்லோரும் ஓரடி பின்னால் போங்கள் என்று குழுவின் இன்னொரு கிட்டார்காரர் பாப் வியர் மைக்கில் கெஞ்சுகிற இடம் வந்ததும், நம்ம மாரியம்மன் கோயில் குண்டத்தன்று கமிட்டிக்காரர் மைக்கில் கத்துகிற மாதிரியே இருக்கிறது என்று பெரியம்மா சொல்ல, குடோனே சிரித்தது.

அந்த இரவைப் பதிவு செய்தவர் பெட்டி கான்டர் ஜாக்சன். குழுவின் ஒலிப்பதிவாளர், அந்தத் துறையில் பெண்களே அரிதாக இருந்த காலம். அவர் பதிந்த டேப் சுருள்கள் ஒரு வாடகைக் கிடங்கில் இருந்தன, வாடகை பாக்கியானதால் 1986-ல் ஏலத்துக்குப் போயின. எடுத்தவர்களிடமிருந்து பிரதிகள் பரவித்தான் உலகம் அவற்றைக் கேட்டது. கார்னெல் பதிவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக 2011-ம் ஆண்டுப் பட்டியலில் சேர்த்தது, முறையான வெளியீடு 2017-ல்தான் வந்தது. பெட்டி அம்மாவுக்கு இந்த மடல் போய்ச் சேரப் போவதில்லை என்று தெரியும், ஆனாலும் அவர் பெயரைச் சொல்லாமல் நன்றி சொன்னால் அது நன்றியே இல்லை. குழுவின் டேப் பெட்டகத்தைக் காத்து 1993-ல் பழைய கச்சேரிகளை வெளியிடும் டிக்ஸ் பிக்ஸ் வரிசையைத் தொடங்கிய டிக் லாட்வாலா, 1999-ல் அவர் மறைந்த பிறகு அந்த வேலையை ஏற்று நடத்திவருகிற டேவிட் லெமியூ, ஆயிரக்கணக்கான பதிவுகளை யாரும் இலவசமாகக் கேட்கும்படி வைத்திருக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவ், மைக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த பெயர் தெரியாத ரசிகர்கள், எல்லோருக்கும் கோவைப் பக்கத்திலிருந்து ஒரு கும்பிடு. எனக்கென்னவோ ஒலிக் கட்டுப்பாட்டு மேசையிலிருந்து நேராக எடுத்த சுத்தமான பதிவைவிட ரசிகர் மைக்கில் பிடித்ததுதான் பிடிக்கும். அதில்தான் அரங்கத்தின் மூச்சு இருக்கிறது.

நம்ம கொங்கு மேளமான ஜமாப் அடிக்கிற அண்ணன்கள் வந்தது நான் எதிர்பார்க்காத சந்தோஷம். 1969-ல் வந்த லைவ் டெட் தட்டிலிருந்து தி லெவன், அதாவது பதினொன்று, என்கிற பாட்டைப் போட்டபோது அவர்களில் மூத்தவர் தொடையில் தட்டிக்கொண்டே வந்து, சட்டென்று நிமிர்ந்து, "மூணு, மூணு, மூணு, ரெண்டு. பதினொண்ணு" என்றார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் குழுவின் இரண்டு டிரம்மர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட் தபலா மேதை அல்லா ரக்காவிடம் தாளக் கணக்குப் படித்தவர். பின்னால் 1991-ல் அவர் வெளியிட்ட பிளானெட் டிரம் தட்டில் ஜாகிர் உசேனோடு நம்ம விக்கு விநாயக்ராம் கடம் வாசித்திருக்கிறார். அதையும் போட்டோம். முடிந்ததும் அண்ணன்கள் வெளியே வந்து அந்தப் பதினொன்றை ஜமாப்பில் அடித்துக் காட்டினார்கள். அதைச் செல்போனில் பதிந்த தம்பிக்கும் நன்றி, கோப்பை அழித்துவிடாதே சாமி.

அரிசிம்பருப்பு சாதமும் கத்திரிக்காய்ப் பொரியலும் ஆக்கிப்போட்ட அக்காமார்களுக்கு, ஒப்புட்டு கொண்டு வந்த பல்லடத்து அத்தைக்கு, பாய் விரித்துச் சுருட்டி வைத்த பிள்ளைகளுக்கு, வண்டி ஏற்பாடு செய்த அவிநாசி நண்பர்களுக்கு, எல்லோருக்கும் நன்றிங்க. சாதம் மீதமாகவே இல்லை, அதுவே சாட்சி.

ரசிகர்கள் பதிந்த கச்சேரிகளின் காப்பி வேண்டுமென்பவர்கள் பென் டிரைவ் கொண்டு வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது, நீங்களும் விற்கக் கூடாது. கார்னெல் மாதிரி வெளியீடாக வந்தவற்றை நாங்கள் காப்பி போடவில்லை, வாங்கிக் கேளுங்கள். உங்கள் வீட்டில் பழைய கேசட் இருந்தால், எந்தப் பாட்டாக இருந்தாலும் சரி, ஊர் நோம்பியில் நடந்த மெல்லிசைக் கச்சேரியோ தாத்தா பாடிய தெம்மாங்கோ எதுவானாலும், தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை எங்களிடம் காட்டுங்கள், ரேடியோ ஐயா பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். டீச்சரம்மாவின் பெட்டியில் இன்னும் மாற்றாத கேசட்டுகள் இருக்கின்றன, சனிக்கிழமை சாயங்காலங்களில் அந்த வேலை நடக்கும். வருகிறவர்கள் யாரிடமாவது ஓடுகிற நிலையில் கேசட் டெக் இருந்தால் கையோடு எடுத்து வாங்க, எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான்.