கல்யாண அல்பத்துக்கு ஒரு வருடம், முறைப்பாட்டுக்கு மூன்று மாதம்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்தில் கல்யாணப் படப்பிடிப்பால் வரும் பிணக்குகள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் முடிகின்றன. அல்பம் இன்று வரும் நாளை வரும் என்று குடும்பம் காத்திருக்கிறது. ஸ்ரூடியோ ‘டிசைன் நடக்குது’, ‘பிரின்ருக்கு கொழும்புக்கு அனுப்பியாச்சு’ என்று தவணை சொல்கிறது. பொறுமை தீர்ந்து ஒருநாள் முறைப்பாடு கொடுக்கக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு)ப் போனால், சட்டம் கொடுத்த காலம் எப்போதோ கடந்துபோயிருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, பொருள் விற்கப்பட்டு அல்லது சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யவேண்டும். இங்கே அல்பம் கைக்கு வருவதற்கே ஆறு மாதம், ஒரு வருடம் ஆகிறது.

சேவை வழங்கப்பட்ட நாள் எது, படம் எடுத்த நாளா, அல்பம் தந்த நாளா என்று கேட்கலாம். அல்பமும் பேசிய விலைக்குள் அடக்கம். ஆகவே அது கைக்கு வரும்வரை சேவை முடியவில்லை என்று வாதாட இடமுண்டு. ஆனால் எதிர்த்தரப்பு படமெடுத்த நாளைத்தான் காட்டும். அந்த வாதத்துக்கே இடம் வைக்காமல், தாலி கட்டிய நாளிலிருந்து மூன்று மாதத்தை எண்ணி நாட்காட்டியில் குறித்துவிடுவதே புத்தி. இரண்டரை மாதம் கடந்தும் அல்பமோ தெளிவான எழுத்துப் பதிலோ வராவிட்டால், பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும், முறைப்பாட்டை மறுபக்கம் கொடுத்துவிடுங்கள். முறைப்பாடு கொடுத்த பின்னும் சமாதானமாகிக்கொள்ளலாம். காலம் போன பின் முறைப்பாடு கொடுக்க முடியாது.

‘முறைப்பாடு குடுத்தால் இருக்கிற படத்தையும் தரமாட்டான்’ என்ற பயம் பல வீடுகளில் உண்டு. அந்தப் பயத்துக்கு மருந்து, கல்யாணத்துக்கு முன்பே எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்தான். இப்போது பலர் வைத்திருப்பது ஸ்ரூடியோவின் விளம்பர அட்டையும் முற்பணத் துண்டும் மட்டுமே. அதில் ‘முழு நாள், 2 கமரா, 1 அல்பம்’ என்று இருக்கும். முழு நாள் என்றால் தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கான பொன்னுருக்கும் சேருமா? மாப்பிள்ளை வீட்டில் ஒரு கமராவும் பெண் வீட்டில் ஒரு கமராவும் ஒரே நேரத்தில் நிற்குமா? கால்மாறிப் போகும் நிகழ்வுக்கு வேறு கணக்கா? இரண்டாவது கமராவைப் பிடிக்கப்போவது யார்? எதுவுமே அதில் இல்லை.

எழுதவேண்டியவை இவை. வேலையைப் பொறுப்பேற்பவரின் முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், வியாபாரப் பதிவு இலக்கம். பதிவு பிரதேச செயலகம் ஊடாக நடப்பதால் சான்றிதழின் பிரதியைக் கேட்டு வாங்கலாம். பேஸ்புக் பக்கத்தின் பெயருக்கு அழைப்பாணை அனுப்ப முடியாது என்பதை நினைவில் வையுங்கள். அடுத்தது, யார் நேரில் வருவார் என்பது. ஆவணி, தை மாதங்களில் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு மூன்று வீடுகளைப் பிடித்துக்கொண்டு, நல்லூர் மண்டபத்துக்கு முதலாளியும் சாவகச்சேரிக்கு வேலை பழகும் பெடியனும் போவது நடக்கிற விஷயம். நீங்கள் யாருடைய படங்களைப் பார்த்து முற்பணம் கொடுத்தீர்களோ, அவருடைய பெயரே ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். அவர் வரமுடியாவிட்டால் எத்தனை நாள் முன் அறிவிப்பார், பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதும் இருக்கவேண்டும்.

அல்பத்துக்கு அளவு, தாள் எண்ணிக்கை, தாளின் வகை, அட்டை ஆகிய நான்கையும் எழுதுங்கள். விரித்தால் 12 × 36 அங்குலம் வரும் அல்பத்தில் ஒரு பக்கம் 12 × 18. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அந்தப் பக்கத்துக்கு 3600 × 5400 புள்ளி, அதாவது சுமார் 19 மெகாபிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கமராவில் எடுத்த படம் இதற்குத் தாராளம். அதே படத்தைப் பாதியாக வெட்டிப் பெருப்பித்தால் முகம் மங்கும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படத்தின் நீளப்பக்கம் சுமார் 1600 புள்ளிக்குச் சுருங்கிவிடுகிறது. நல்ல பிரின்ராக அது ஐந்தங்குலத்தைச் சற்றே தாண்டும். ‘எல்லாப் படமும் வட்ஸ்அப்பிலை தந்திட்டம்தானே’ என்று சொன்னால் ஏற்கவேண்டாம்.

முழு அளவுக் கோப்புகள் எப்போது, எதில் தரப்படும் என்பதும் தனி வரியாக வரவேண்டும். 3,000 படங்கள் எடுத்திருந்தாலும், ஒன்று 10 எம்பி என்று வைத்தால் ஜேபெக் கோப்புகள் 30 ஜிபிதான். கமராவின் றோ கோப்புகள் (கமரா அப்படியே பதியும் மூலக் கோப்புகள்) ஒவ்வொன்றும் 25 எம்பி அளவில் வந்தாலும் மொத்தம் 75 ஜிபி. ஒரு ஹார்ட் டிஸ்கில் அன்றிரவே ஏற்றிவிடலாம். றோ கோப்புகளைத் தர மறுப்பது படப்பிடிப்பாளரின் நியாயமான விருப்பமாக இருக்கலாம். ஆனால் திருத்தாத ஜேபெக் பிரதியை ஒரு வாரத்துக்குள் தரச்சொல்வதில் அநியாயம் எதுவும் இல்லை. அந்தப் பிரதி வீட்டில் இருந்தால், முறைப்பாடு கொடுத்தால் படம் கிடைக்காது என்ற பயம் போய்விடும். அல்பத்தை வேறிடத்திலும் செய்விக்கலாம்.

பணத்தையும் பிரித்துக் கொடுங்கள். முற்பணம் நான்கில் ஒன்று, கல்யாண நாளில் பாதி, மிகுதி அல்பம் கைக்கு வந்தபின் என்பது இருதரப்புக்கும் பொருந்தும். கல்யாணத்தன்றே முழுக்காசும் கொடுத்த வீட்டுக்குத்தான் தவணை நீள்கிறது. வங்கி ஊடாக அனுப்புங்கள். காசாகக் கொடுத்தால் பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள்.

ட்ரோன் பேசினால், சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதியை எடுப்பது யார் பொறுப்பு என்பதையும் எழுதவேண்டும். பலாலி விமான நிலையத்துக்குக் கிட்டவுள்ள வீடுகளுக்கு இது பெயருக்கு எழுதும் வரியல்ல.

இனி, என்ன முறைப்பாடு நிற்கும், எது நிற்காது என்று பார்ப்போம். ‘படம் வடிவாயில்லை’ என்பது நிற்காது. அழகை அளக்க அளவுகோல் கிடையாது. சொன்னதற்கும் தந்ததற்கும் உள்ள வித்தியாசமே நிற்கும். நுகர்வோரைப் பிழையாக வழிநடத்தும் நடத்தையைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவும், பொய்யான எடுத்துரைப்பை 31 ஆம் பிரிவும் தடுக்கின்றன. வேறொருவர் எடுத்த படங்களைத் தன்னுடையவை என்று காட்டி முற்பணம் வாங்குவது இதற்குள் வரும். சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்படும் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கியிருப்பதாக 32 ஆம் பிரிவு கொள்கிறது. அல்பத்தின் தாளும் ஒட்டும் அட்டையும் பயன்பாட்டுக்கு ஏற்றவையாக இருக்கவேண்டும் என்பதும் அதற்குள் அடக்கம்.

கவனக்குறைவைக் காட்டுவது எப்படி? தாலிகட்டின் ஒரு படம் அசைந்திருந்தால் அது தற்செயல். கூட்டத்தில் யாரோ தட்டியிருக்கலாம். தாலிகட்டு முழுவதும், இரண்டு கமராவிலும், ஒன்றுகூடத் தெளிவில்லை என்றால் அது வேலைப் பிழை. வீடியோவில் மணவறைக்குக் குறுக்கே கறுப்புப் பட்டிகள் ஓடுவதற்குக் காரணம், 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் மினுங்கும் மண்டப விளக்குகளுக்கு ஷட்டர் வேகத்தைப் பொருத்தாததுதான். 1/50 அல்லது 1/100 செக்கனில் வைத்தால் பெரும்பாலும் இது வராது. தொழில் தெரிந்தவர் விளக்கைப் பார்த்தவுடன் சரிபார்ப்பார். இப்படிக் குறிப்பாக எழுதிய முறைப்பாட்டை விசாரிக்கும் உத்தியோகத்தரால் அடுத்த கேள்வியைக் கேட்கமுடியும்.

‘காட் (படம் பதியும் மெமரி காட்) பழுதாப்போச்சு’ என்பதுதான் எல்லாவற்றிலும் கொடிய பதில். அதைக் கேட்டவுடன் சண்டை பிடிக்காமல் ஒன்றைச் செய்யுங்கள். அந்தக் காட்டை இனிக் கமராவில் போடவேண்டாம் என்று உடனே எழுத்தில் அறிவியுங்கள். தவறுதலாக அழிந்த அல்லது போமற் செய்யப்பட்ட காட்டில் படங்களின் தரவு பெரும்பாலும் அங்கேயே இருக்கும். மேலே புதுப் படம் எழுதப்பட்டால்தான் மீட்கமுடியாமல் போகும். மறுநாள் அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு அதே காட்டைப் பாவிப்பதால்தான் பல வீட்டுப் படங்கள் நிரந்தரமாக அழிகின்றன. மீட்புச் செலவு யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். இரண்டு காட் போடக்கூடிய கமராக்களில் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியலாம். அந்த வசதியிருந்தும் ஒரு காட்டில் மட்டும் எடுத்தாரா என்று கேளுங்கள். 32 ஆம் பிரிவின் ‘உரிய கவனம்’ இங்கேதான் வேலை செய்கிறது.

பிணக்கு வந்துவிட்டால் முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். பேசியது என்ன, கிடைத்தது என்ன, எவ்வளவு கொடுத்தீர்கள், என்ன வேண்டும், 14 நாள் தவணை. திட்டும் சாபமும் வேண்டாம்; அந்தக் கடிதத்தைப் பிறகு மூன்றாம் ஆள் வாசிப்பார். தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். வட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ் இலத்திரனியல் செய்திகளும் சான்றாக ஏற்கத்தக்கவை. குரல் பதிவாக வந்ததை எழுத்தில் உறுதிப்படுத்தச் சொல்லிப் பதில் அனுப்பினால் இன்னும் நல்லது.

பதில் வராவிட்டால் யாழ். மாவட்டச் செயலகத்திலுள்ள நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை அலுவலகத்தில் எழுத்து முறைப்பாடு. 1977 என்ற துரித இலக்கத்தில் விளக்கம் கேட்கலாம். ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நிறுத்தக்கூடாது, சட்டம் கேட்பது எழுத்தை. ஒப்பந்தம், பற்றுச்சீட்டு, பதிவுத் தபால் துண்டு, செய்திகளின் அச்சுப்பிரதி, அல்பத்தின் குறைபாட்டைக் காட்டும் படங்கள் ஆகியவற்றின் பிரதிகளை இணையுங்கள். மூலப்பிரதிகள் வீட்டில் இருக்கட்டும்.

மூன்று மாதம் ஏற்கெனவே போயிருந்தால் எல்லாம் முடிந்துவிடவில்லை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும், இரு தரப்பையும் பேசி இணங்கவைக்கும் இணக்கசபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. கேட்கும் தொகை சட்டம் குறித்த எல்லைக்குள் இருந்தால், இணக்கசபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் பெற்ற பிறகே மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட முடியும். எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடமும், வாய்ப்பேச்சுக்கு மூன்று வருடமும் வழக்கிடக் காலம் உண்டு. எழுதிக்கொள்வதால் வரும் நன்மையில் இதுவும் ஒன்று. மன உளைச்சலுக்கென்று பெரிய தொகை எதிர்பார்க்கவேண்டாம். கணக்குக் காட்டக்கூடிய இழப்பைத்தான் ஒப்பந்த வழக்கில் கேட்கமுடியும். ஆகவே இன்ன நிகழ்வு பதிவாகாவிட்டால் இவ்வளவு திருப்பித் தருவேன் என்று நியாயமான ஒரு தொகையை முன்கூட்டியே எழுதுவது நல்லது. பொலிஸுக்குப் போவது, ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு காசு வாங்கியதற்குச் சான்று இருந்தால் மட்டுமே பயன் தரும்.

வெளிநாட்டிலிருந்து வந்து கல்யாணம் செய்துவிட்டு மூன்று கிழமையில் திரும்புகிறவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். ஒப்பந்தத்தில் இங்கேயுள்ள ஒருவரின் பெயரையும் சேர்த்துக் கையெழுத்திட வையுங்கள். நீதிமன்றம்வரை போகவேண்டி வந்தால் அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் இன்னொருவர் செயற்பட எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) தேவைப்படும். பயணத்துக்கு முன் அதைச் செய்துவைப்பது சுலபம், ரொறன்ரோவிலிருந்து செய்வது கஷ்டம்.

படப்பிடிப்பாளர் பக்க நியாயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. அல்பத்துக்குப் படம் தெரிந்து கொடுக்கவே நாலைந்து மாதம் எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. அந்தத் தாமதத்தை ஸ்ரூடியோவின் தலையில் போடமுடியாது. படங்கள் கிடைத்து 21 நாளில் தெரிவு, தெரிவு கிடைத்து 45 நாளில் அல்பம் என்று இருவருக்கும் தவணை எழுதினால் யாருடைய பிழை என்பது தெரியும். நாளை ஒதுக்கிவைத்தபின் கல்யாணம் தள்ளிப்போனால் முற்பணத்தில் ஒரு பகுதியை அவர் வைத்துக்கொள்வதும் நியாயமே. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எடுத்தவருக்கே படத்தின் பதிப்புரிமை முதலில் சேர்கிறது. அதற்காக மணப்பெண்ணின் படத்தை வீட்டாரைக் கேளாமல் விளம்பரத்துக்குப் போடுவது முறையாகாது. போடலாமா, எந்தப் படங்களை, எங்கே என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் யாழ். அலுவலகத்திடம் ஒரு வேண்டுகோள். ஒரு பக்கத்தில் அடங்கும் தமிழ் மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்து, மூன்று மாதக் கெடுவை அதன் தலைப்பிலேயே அச்சிட்டு, பிரதேச செயலகங்களிலும் கல்யாண மண்டபங்களின் முன்பதிவு மேசைகளிலும் வையுங்கள். மண்டபம் பதியும் நாளில்தான் குடும்பங்கள் கமராவுக்கும் ஆள் தேடத் தொடங்குகின்றன. பதிவுத்திருமணத்துக்கு நாள் குறிக்க விவாகப் பதிவாளரிடம் வருபவர்களுக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.