எஸ்.ஏ.டி ஸ்கோர் அனுப்பணுமா வேணாமா: 12வது கிரேடு பேரன்ட்ஸ் கவனத்துக்கு

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்க காலேஜ்களுக்கு முன்கூட்டியே அப்ளை பண்ற நவம்பர் 1 ஏர்லி டெட்லைன் நெருங்குது, எஸ்.ஏ.டி (காலேஜ் அட்மிஷனுக்கான பொதுத் தேர்வு) ஸ்கோர அனுப்பணுமாங்கற கேள்விதான் குரூப்ல சுத்திட்டிருக்கு, அதனால ஒரே இடத்துல எழுதிடறேன்.

முதல்ல லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொரு காலேஜோட ரூலையும் அவங்க அட்மிஷன்ஸ் பக்கத்துலயே பாத்துடுங்க. எம்.ஐ.டி 2022லயே ஸ்கோர திரும்ப கட்டாயமாக்கிடுச்சு, ஹார்வர்ட், டார்ட்மவுத், கால்டெக் எல்லாம் 2024ல அறிவிச்சாங்க, அங்க யோசிக்கவே வேலையில்ல. யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) காலேஜ்கள்ல முழு மார்க் 1600 வாங்கியிருந்தாலும் அட்மிஷனுக்கு பாக்கவே மாட்டாங்க.

ஸ்கோர் ஆப்ஷனல்னு போட்ட இடத்துலதான் குழப்பம். காலேஜ் பேரோட "காமன் டேட்டா செட்"னு (காலேஜ் வெளியிடற புள்ளிவிவர அறிக்கை) சேத்து தேடி சி9 பகுதிக்கு போங்க, சேர்ந்த பசங்கள்ல எத்தன சதவீதம் ஸ்கோர் குடுத்தாங்க, 25, 50, 75வது பெர்சென்டைல் என்னன்னு இருக்கும் (25வதுன்னா ஸ்கோர் குடுத்தவங்கள்ல கால்வாசி பேர் அதுக்கு கீழ, 50வதுதான் நடு ஸ்கோர்). நடு ஸ்கோர் 1500ன்னு பாத்ததும் பயந்துடாதீங்க, கம்மியா வாங்கின பசங்க நிறைய பேர் அனுப்பாம விட்டுடறதால அந்த நம்பர் ஏறித்தான் தெரியும். நம்ம பிள்ளை நடுவுக்கு மேலன்னா தயங்காம அனுப்புங்க, 25வது பெர்சென்டைலுக்கு ரொம்ப கீழன்னா விட்டுடலாம். ரெண்டுக்கும் நடுவுல இருந்தா ஸ்கூல் கவுன்சிலர கேளுங்க, ஏன்னா ஸ்கோர அந்த ஸ்கூல் பசங்களோட ஒப்பிட்டும் பாப்பாங்க, இன்ஜினியரிங்னா மேத்ஸ் மார்க்க தனியா கவனிங்க. மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு சில இடத்துல வேற ரூல் இருக்கு, அதையும் செக் பண்ணுங்க.

சந்தேகம் இருந்தா எனக்கு தனியா மெசேஜ் பண்ணுங்க. பசங்க மார்க்க குரூப்ல போடாதீங்க ப்ளீஸ், அவங்களுக்கு ஏற்கனவே டென்ஷன் ஜாஸ்தி.