எடிசனிலிருந்து அக்காவுக்கு: ஆள் வைத்து உடம்பை நீட்டுவது பற்றி

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே அத்தானும் பிள்ளைகளும் நலம்தானே?

மேசையில் படுக்கவைத்துக் காலை இழுத்துவிடுவதற்கா அங்கே காசு கொடுக்கிறார்கள் என்று கேட்டாய். ஆமாம், முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு வந்து கொடுக்கிறார்கள். 25 நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐம்பது, அறுபது டாலர். 50 நிமிடம் என்றால் நூறைத் தொடும். சூப்பர் மார்க்கெட், சலூன் இருக்கிற வரிசையிலேயே உடம்பை நீட்டிவிடும் இந்தக் கடையும் இருக்கும். மெத்தை வைத்த பெஞ்சுகள், காலைக் கட்டிவைக்கும் வார்கள், வழுக்காத சாக்ஸ், அவ்வளவுதான் சாமான். எண்ணெய் கிடையாது, போட்ட உடுப்போடு படுக்க வேண்டியதுதான். இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் இதற்குப் பணம் தராது. மாதச் சந்தா என்றால் கார்டிலிருந்து தானாகப் போய்விடும், நிறுத்துவதற்கு எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

வருகிறவர்களைப் பார்த்தால் காரணம் தெரியும். இந்த ஊரில் நடக்க வேலையே இல்லை. வாசலில் கார், ஆபீஸில் நாற்காலி, நியூயார்க் போகிறவருக்கு ரயிலிலும் இருக்கை. டிசம்பர் தொடங்கி மார்ச் வரை குளிர். தரையில் உட்காருவது என்பதே கிடையாது. இடுப்பின் முன்பக்கத் தசையும் பின்தொடைத் தசையும் விறைத்துப்போய், குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாமல் வருகிறார்கள். கல்லாவில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் அத்தானுக்கும் இதே கதைதான், குளிர் மட்டும்தான் இல்லை.

இங்கே செய்வதில் பெரும்பகுதி புதிதல்ல. 1940களில் ஹெர்மன் காபட் என்ற நரம்பியல் டாக்டரும், மார்கரெட் நாட் என்ற பிசியோதெரபிஸ்ட்டும் கலிஃபோர்னியாவில் வாலேஹோ என்ற ஊரில், போலியோ முதலான பக்கவாத நோயாளிகளுக்காக உருவாக்கிய, இறுக்கித் தளர்த்தி நீட்டும் பி.என்.எஃப். முறைதான் அது. நம் ஊர் பிசியோதெரபி கல்லூரிகளிலும் இதைச் சொல்லித்தருகிறார்கள். தசையை முதலில் இறுக்கச் சொல்லி, பிறகு தளர்த்தி, தளர்ந்த இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் நீட்டுவது. ஒன்றிரண்டு தடவையில் தசை நீளமாகிவிடுவதில்லை. இழுப்பைத் தாங்கிக்கொள்ளும் அளவு கூடுகிறது, அதனால்தான் உடனே கால் அதிகம் உயர்கிறது. அன்றைக்குக் கிடைத்தது சிறிது நேரத்தில் பெரும்பாலும் போய்விடும். வாரம் இரண்டு மூன்று நாள் என்று பல வாரம் விடாமல் செய்தால்தான் நிலைக்கும். உடம்பிலிருந்து நச்சு வெளியேறும், தொப்பை குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. உடற்பயிற்சி செய்த மறுநாள் வரும் உடம்புவலியைக்கூட இது பெரிதாகக் குறைப்பதில்லை.

அப்படியானால் ஆள் எதற்கு? தானாகக் குனிந்து நீட்டும்போது முதுகு வளைந்து கொடுத்துவிடும், பின்தொடைக்கு வேலையே போகாது. பக்கத்தில் ஒருவர் இடுப்பை அசையாமல் பிடித்தால்தான் இழுப்பு சேர வேண்டிய இடத்தில் சேரும். படுத்திருப்பவர் காலின் கனத்தைத் தானே தாங்க வேண்டியதில்லை என்பதால் தசையும் தளரும். அந்த அறுபது டாலரில் பாதி இந்தப் பிடிக்குத்தான். அதை நீயே செய்யலாம்.

முதலில் அத்தானை ஐந்து நிமிடம் நடக்கவிடு. கட்டில் மெத்தை வேண்டாம், தரையில் ஜமுக்காளத்தை மடித்துப்போட்டு மல்லாக்கப் படுக்கட்டும். வலதுகாலை நீட்டுவது என்றால் இடதுகால் நேராகத் தரையில் கிடக்க வேண்டும். அது மேலே கிளம்பாமல் இருக்க, அந்தத் தொடையின் மேல் உன் ஒரு கையை வை, அல்லது பையனை உட்கார்ந்து பிடித்துக்கொள்ளச் சொல். நீ ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, அவர் வலதுகாலை, குதிகாலுக்குச் சற்று மேலே உன் தோளில் படும்படி சாய்த்துக்கொள். கையால் தூக்கி நிற்காதே. ஒரு கால் உடம்பு எடையில் ஆறில் ஒரு பங்குக்குப் பக்கம் வரும். எழுபத்தைந்து கிலோ ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ. குனிந்து பிடித்தால் அடுத்து உன் முதுகுக்குத்தான் ஆள் தேட வேண்டும்.

இன்னொரு கையை முழங்கால் சில்லுக்கு மேலே தொடையில் வைத்து, முட்டி மடங்காமல் மெதுவாக உயர்த்து. பின்தொடையில் முதல் இழுப்பு வந்ததும் நில். வலிக்குப் பத்து மார்க் என்றால் மூன்று, நான்குக்கு மேல் போகக்கூடாது. பத்து விநாடி அப்படியே இருக்கட்டும். பிறகு அவர் குதிகாலால் உன் தோளைக் கீழ்நோக்கி அமுக்க வேண்டும், தன் பலத்தில் கால்பங்கு மட்டும், ஆறு விநாடி. கால் அசையாதபடி நீ தடுத்து நில். அவரை வாய்விட்டு எண்ணச் சொல், எண்ணினால் மூச்சை அடக்க முடியாது. மூச்சை அடக்கினால் பிரஷர் ஏறும், அத்தான் மாத்திரை சாப்பிடுகிறவர். எண்ணி முடித்ததும் மூச்சை விட்டுத் தளரட்டும். அவரே காலை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் உயர்த்த, நீ பின்னாலேயே போ. இருபது, முப்பது விநாடி. இப்படி மூன்று சுற்று, அப்புறம் அடுத்த கால்.

பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்: கால் நிறைய உயர்ந்துவிட்டது என்று நினைப்பாய், பார்த்தால் முட்டி மடங்கியிருக்கும், அல்லது பின்பக்கம் தரையை விட்டு எழும்பியிருக்கும். இரண்டில் எது நடந்தாலும் கொஞ்சம் கீழே இறக்கு. அமுக்குவதில் முழுப்பலத்தைக் காட்டுவதும் ஆண்களின் வழக்கம், கோபிக்காமல் 'பாதி, அதிலும் பாதி' என்று சொல். ஆட்டி ஆட்டி இழுப்பது கூடவே கூடாது.

பாதத்தை முகத்தை நோக்கி மடக்கி இழுக்காதே. மடக்கினால் முட்டிக்குப் பின்னால் விண்ணென்று தெறிக்கும், சிலருக்குப் பாதம் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும். அது பின்தொடைத் தசை நீள்வது அல்ல, பெரும்பாலும் நரம்பு இழுபடுவது. அந்தத் தெறிப்பு வந்தால் பாதத்தைத் தொங்கவிட்டு, காலைக் கொஞ்சம் தாழ்த்து. அப்படியும் போகவில்லை என்றால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடு. சிறுநீர் கழிப்பதில் மாற்றம், பாதம் தூக்க முடியாமல் போவது என்று ஏதாவது வந்தால் நீட்டுவதை விட்டுவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

அத்தானுக்குச் சர்க்கரை இருப்பதால் இரண்டு விஷயம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் இருப்பதே தெரியாது, ஆகவே சாக்ஸைக் கழற்றி உள்ளங்காலைப் பார்த்துவிட்டுத் தொடங்கு. தோள் இறுக்கம் சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வரும், தூக்கினாலே கத்துகிற தோளை வீட்டில் வலிந்து இழுக்காதே, அதற்கு பிசியோதெரபிஸ்ட்தான். மாமிக்கு இடுப்பு மூட்டு மாற்றியிருக்கிறார்கள் என்று சொன்னாயே, அவரிடம் இதைத் தொடவே வேண்டாம். காலைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்குவதும் குறுக்கே போடுவதும் அந்த மூட்டைக் கழற்றிவிடலாம். எலும்பு தேய்ந்தவர்கள், சமீபத்தில் தசை கிழிந்தவர்கள், ஒரு ஆடுசதை மட்டும் சூடாக வீங்கியிருப்பவர்கள், இவர்களும் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது. கடைசியில் சொன்னது ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

சலூனில் முடிவெட்டியதும் அத்தான் கழுத்தை நெட்டி எடுத்துக்கொள்வாரே, அதை முதலில் நிறுத்தச் சொல். கழுத்து எலும்புக்குள் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஓடுகிறது, ஒரு திருப்பலில் அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. இங்கே கழுத்துக்குக் கை வைத்தால் தாங்கிப் பிடிப்பதோடு சரி, வெட்டித் திருப்புவது கிடையாது.

இடுப்பின் முன்பக்கத்துக்கு இன்னொன்று இருக்கிறது, கட்டில் ஓரத்தில் படுத்து ஒரு முட்டியை நெஞ்சோடு அணைத்து மற்ற காலைத் தொங்கவிடுவது. அதை வீடியோ காலில் காட்டுகிறேன், எழுத்தில் சரியாக வராது.

தொடங்கும் நாளில் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. போனைத் தரையோடு வைத்து, பக்கவாட்டிலிருந்து, இரண்டு காலும் இடுப்பும் தெரிகிற மாதிரி. மாதம் முடிந்ததும் அதே இடத்திலிருந்து இன்னொன்று.

அன்புடன்,
உன் தங்கை